தீட்டும் மாசும்

(சோழவந்தானில் நடைபெற்ற நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நாமோ இன்று தண்ணீரைப் பற்றிப் பேச முற்படுகிறோம். பொருள் மாறிவிட்டதே என்று எவரும் எண்ண வேண்டா. நம் மக்களின் வரலாற்றில் ஏட்டையும் தண்ணீரையும் பூட்டி வைத்த கை ஒன்றே. பள்ளியின் வாயிலில் நம்மைத் தடுத்து நிறுத்தியவர்களே கிணற்றின் படியிலும் நிறுத்தினார்கள். ஆகவே, நாம் பெற்ற கல்வி நாம் குடிக்கும் தண்ணீர்வரை வந்து சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது, இக்கழகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியே ஆகும்.

நம் மொழியில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று தீட்டு, மற்றொன்று மாசு. தீட்டு என்பது மனிதன் மனிதன்மேல் ஏற்றிச் சொன்ன பொய். அதனைக் கண்ணால் காண இயலாது. எந்தக் கருவியாலும் அளக்க இயலாது. மாசு என்பதோ மெய். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சோதித்தால் தெரியும், அளந்தால் எண்ணாக வரும், தக்க மருந்திட்டால் நீங்கும். தீட்டு என்று சொல்லி நம் முன்னோரைத் தண்ணீரினின்றும் விலக்கினார்கள். இன்று தண்ணீர் நம் தெருவுக்கு வருகிறது. அதனோடு மாசும் வருகிறதா என்று பார்க்கும் அறிவு நம்மிடம் இருக்கிறதா என்பதே இன்றைய கேள்வி.

மகத் நகரத்துக் குளம்

மராட்டிய மண்ணில் மகத் என்னும் ஊரில் சவுதார் குளம் என்றொரு குளம் உண்டு. பொது நீர்நிலைகளை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் நிறைவேற்றியது. அதன்படி மகத் நகராட்சியும் அக்குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆயினும் ஏட்டில் திறந்த குளம் நாட்டில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பெருந்திரளான மக்களோடு ஊர்வலமாகச் சென்று, அக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார்.

அதன் பின்னர் நடந்ததை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறிய மேல்சாதியார், 108 குடம் நீரை வெளியே எடுத்து ஊற்றி, பசுவின் சாணம், சிறுநீர், பால், தயிர் ஆகியவற்றைக் குளத்தில் கலந்து, மந்திரம் ஓதி, குளம் தூய்மையாகிவிட்டது என்று அறிவித்தார்கள். கை கழுவிய மனிதன் ஒரு வாய் நீர் அள்ளிக் குடித்தது அவர்கள் கண்ணுக்கு அழுக்கு. சாணத்தைக் கரைத்தது தூய்மை! இன்றைய நீர் ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு அக்குளத்து நீரை அனுப்பியிருந்தால், அது எந்த நாளில் கெட்டது என்பதற்குத் தெளிவான விடை கிடைத்திருக்கும். வழக்கு நீதிமன்றங்களில் பத்தாண்டுகள் நடந்தது. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்களின் பக்கமே தீர்ப்பளித்தது.

நம் மாகாணமும் இப்போராட்டத்தில் பின்தங்கவில்லை. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். எம்.சி. இராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல் குடிமை இயலாமை ஒழிப்புச் சட்டம் பிறந்தது. பின்னர் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லியே காத்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இவ்வாறு தண்ணீரை அடையும் உரிமையை முன்னோர் வென்று தந்தார்கள். அடைந்த தண்ணீர் நல்ல தண்ணீரா என்று அறியும் கடமையை நமக்கு விட்டுச் சென்றார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அன்று. இவ்வுண்மையை உலகம் அறிந்துகொண்டு இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆகவில்லை. 1854-இல் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் வாந்திபேதி பரவி மக்கள் கூட்டங் கூட்டமாக மடிந்தபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, பெரும்பாலோர் ஒரே கைப்பம்பின் நீரைக் குடித்தவர்கள் என்று கண்டறிந்தார். 1884-இல் ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் நம் நாட்டுக் கல்கத்தாவிற்கு வந்து, மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1885-இல், தியோடர் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர் மனிதக் குடலில் இயல்பாக வாழும் ஒரு நுண்ணுயிரைக் கண்டு விளக்கினார். எஷரிக்கியா கோலை என்று அவர் பெயராலேயே அஃது இன்று வழங்குகிறது, சுருக்கமாக ஈ. கோலை என்பர்.

குடிநீர்ச் சோதனையின் அடிப்படையே இந்த ஈ. கோலைதான். காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றின் கிருமிகளை நீரில் நேரே தேடுவது எளிதன்று. அவை பலவகை, சிறு எண்ணிக்கையில் வரும், ஒருநாள் இருக்கும், மறுநாள் இராது. ஆனால் அவையெல்லாம் நீரில் வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றே. அது மனித மலம். ஈ. கோலையோ ஏறத்தாழ எல்லா மனிதரின் குடலிலும், வெப்ப இரத்த விலங்குகளின் குடலிலும் இருப்பது. ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் இருப்பது. அதன் வகைகளுட் பல தீங்கு செய்யாதவை, சில கொடியவை. எவ்வகையாயினும், குடிநீரில் அது காணப்படுமானால், மலம் கலந்திருக்கிறது, நோய்க் கிருமியும் உடன் வரக்கூடும் என்று பொருள். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்றது இது. ஆகவேதான் இந்தியத் தரக் கட்டளையான ஐ.எஸ். 10500, 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ. கோலை ஒன்றுகூட இருத்தல் ஆகாது என்று வரையறுக்கிறது.

இளைஞர்களே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈ. கோலை எல்லாச் சாதியாரின் குடலிலும் ஒரே வகையாக வாழ்கிறது. நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் அக்கிரகாரத்து மலமும் சேரியின் மலமும் ஒன்றே. தீட்டுக் கொள்கைக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமோ?

சோதனை நடைபெறும் விதம்

ஆய்வுக்கூடத்தில் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை கலந்த ஊட்டக் குழம்பைச் சோதனைக் குழாய்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் அளந்த நீரை ஊற்றி, 37 பாகை செல்சியசு வெப்பத்தில் வைப்பார்கள். குடற்கிருமிகளின் இனம் இருந்தால் சர்க்கரை நொதித்து, 48 மணி நேரத்திற்குள் வாயு தோன்றும். அதன் பின்னர் 44 பாகை வெப்பத்தில் மீண்டும் சோதித்து, அது ஈ. கோலைதானா என்று உறுதி செய்வர். எத்தனை குழாய்களில் வாயு தோன்றியது என்பதைக் கொண்டு நீரில் இருந்த கிருமிகளின் எண்ணிக்கையைக் கணிப்பர். சென்னை கிண்டியில் 1899-இல் நிறுவப்பெற்ற கிங் ஆய்வு நிலையத்திலும், 1971-இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களிலும் நீர்ச் சோதனைப் பணி நடந்து வருகிறது.

ஆய்வுக்கூடம் தொலைவில் உள்ள சிற்றூருக்கு வழி என்ன? அவ்வழியைக் காட்டியவர்கள் நம் நாட்டு அறிவியலாளர்களே. குவாலியரில் உள்ள பாதுகாப்புத்துறை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மஞ்சா என்பவரும் அவருடைய தோழர் இருவரும் 1982-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு சிறு கண்ணாடிப் புட்டி; அதனுள்ளே ஊட்டப் பொருளும் இரும்பு உப்பும் தோய்த்து உலர்த்திய ஒரு தாள். புட்டியில் குறித்த அளவுவரை, ஏறத்தாழ 20 மில்லிலிட்டர், நீரைப் பிடித்து மூடி வைக்க வேண்டும். மலத்தோடு வரும் கிருமிகளுட் சில ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்கும். அவ்வாயு இரும்போடு சேர்ந்து கருமையாகும். ஓரிரு நாட்களில் புட்டி கறுத்தால் நீரை ஐயுற வேண்டும். 30 பாகைக்கு மேல் வெப்பம் உடைய இடமாக இருந்தால் அடைகாக்கும் பெட்டியும் தேவையில்லை. நம் மதுரைச் சீமையின் வெயில் வேறெதற்கு உதவாவிட்டாலும் இதற்கு உதவும்!

நீரைப் பிடிக்கும்போது கவனம் வேண்டும். முதலாவதாக, குழாயின் வாயைத் துடைத்து, இயன்றால் தீயால் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட வேண்டும். இரண்டாவதாக, புட்டியின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் விரல் தொடலாகாது. மூன்றாவதாக, நாள், நேரம், தெரு, குழாய் ஆகியவற்றை உடனே எழுதி ஒட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவதாயின் அவர்கள் தரும் தூய புட்டியிலே பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 6 மணி நேரத்திற்குள், தவறினால் 24 மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்க வேண்டும். கறுத்த புட்டியைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. வெளுப்புத்தூள் கரைசல் ஊற்றிய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

இச்சோதனையின் எல்லையையும் அறிதல் வேண்டும். சில நிலத்தடி நீரில் இயல்பாகவே சல்பைடு இருக்கும். அதனாலும் புட்டி கறுக்கலாம். கறுக்காத புட்டி அந்த நேரத்து நீருக்கு மட்டுமே சான்று. நாளைய நீருக்கு அன்று. ஆகவே கறுத்தால் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்க. கறுக்காவிட்டால் மீண்டும் மீண்டும் சோதிக்க.

எந்தக் குழாயில் பிடிப்பது?

இப்போது இவ்வுரையின் உயிர்நிலையான பகுதிக்கு வருகிறோம். சோதனை எத்துணைச் சரியாக நடந்தாலும், நீரை எங்கே பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

மேல்நிலைத் தொட்டியில் வெளுப்புத்தூள் கலக்கிறார்கள். அதிலுள்ள குளோரின் குழாய் வழியே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். ஊரின் நடுவில் உள்ள முதற்குழாயில் போதுமான குளோரின் இருக்கும். கடைசிக் குழாயில் ஒன்றும் இல்லாமலும் போகலாம். அன்றியும், ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வரும் ஊரில், நீர் நின்றதும் குழாய் வெறுமையாகி, உடைந்த இணைப்புகளின் வழியே பக்கத்துச் சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பள்ளமான கடைசித் தெருவுக்கே அந்நீர் வந்து சேரும். நம் ஊர்களில் பள்ளத்தில் இருப்பது எந்தத் தெரு, குழாய் முடியும் இடம் எந்தத் தெரு என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஊரை அமைத்தவர்கள் நம்மை எங்கே வைத்தார்களோ, குழாயும் நம்மை அங்கேயே வைத்திருக்கிறது.

தொட்டியடியில் பிடித்த நீர் நன்றாக இருக்கிறது என்று ஓர் அறிக்கை வரலாம். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நம் பிள்ளை தொட்டியடியில் குடிக்கவில்லை. கடைசித் தெருவில் குடிக்கிறது. ஆதலின், எங்கள் தெருக் கடைசிக் குழாயிலும் நீரைப் பிடித்துச் சோதியுங்கள் என்று கேட்பதே நம் முதற் கோரிக்கையாக இருத்தல் வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. டி.பி.டி. மாத்திரை ஒன்றைச் சிறிதளவு நீரில் இட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு தோன்றும். இரண்டு நிமிடத்து வேலை இது; பள்ளி மாணவனும் செய்யலாம்.

வேங்கைவயல் சொல்லும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சியில் உள்ள வேங்கைவயலை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பரில் அவ்வூர் ஆதிதிராவிடர் குழந்தைகள் நோயுற்றனர். குடிநீரில் கோளாறு இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். டிசம்பர் 26-ஆம் நாள் ஊர் இளைஞர்கள் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியின்மேல் ஏறிப் பார்த்தபோது, அந்நீரில் மனித மலம் கலந்திருக்கக் கண்டனர். நாடே தலைகுனிந்தது. அதையொட்டி மாவட்ட ஆட்சியர் அவ்வூருக்குச் சென்றபோது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும் கோயிலில் நுழைவு மறுப்பும் இருந்தமை வெளிப்பட்டு, நடவடிக்கை எடுக்கப்பட்டது. வழக்கு 2023 ஜனவரியில் குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. மரபணுச் சோதனைகளும் நடந்தன. 2025 ஜனவரியில் அவ்வூரைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. பாதிக்கப்பட்ட எங்கள்மீதே பழியா என்று கேட்டு ஊர்மக்கள் அதனை ஏற்க மறுத்தனர்.

நாம் இங்கே நீதிமன்றம் நடத்தவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. நீர்ச் சோதனை நீர் கெட்டிருக்கிறது என்று சொல்லும். கெடுத்தவன் யார் என்று சொல்லாது. அதற்கு நாளும் நேரமும் குறித்த சான்றுகள் வேண்டும். எந்த நாள்வரை நீர் நன்றாக இருந்தது, எந்த நாளில் கெட்டது, தொட்டிக்குப் பூட்டு இருந்ததா, யார் ஏறினார் என்னும் குறிப்புகள் ஊரில் இருந்தால், விசாரணைக்குப் பிடி கிடைக்கும். இல்லாவிடில் எல்லாம் வாய்ச்சொல்லாகவே போகும். அதனினும் பெரிய பாடம் ஒன்றுண்டு. வேங்கைவயலில் குழந்தைகளின் உடம்பே சோதனைக் குழாய் ஆயிற்று. அவர்கள் நோயுற்ற பின்னரே தண்ணீர் ஐயத்திற்கு உள்ளாயிற்று. அந்த வரிசையை மாற்ற வேண்டும். முதலில் புட்டி கறுக்க வேண்டும், குழந்தை நோயுறலாகாது. நம் மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதை 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனிக் குற்றமாகவே வரையறுத்துள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

சோழவந்தானில் நாம் செய்யத்தக்கவை

சோழவந்தான் நீரால் வளர்ந்த ஊர். வைகையின் வடகரையில் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழிப்பது, 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் வைகையிற் சேர்ந்து வருவதாலும், 1959-இல் எழுந்த வைகை அணையாலும் ஆகும். அந்த வயல்களிலும் கொடிக்கால்களிலும் நீர் பாய்ச்சிய கைகளில் நம் கைகளும் உண்டு. ஆனால் ஆற்றங்கரையில் உள்ள ஒவ்வோர் ஊரும் தனக்கு மேலே உள்ள ஊர்களின் கழிவுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதை மறத்தலாகாது. ஆற்றில் புது வெள்ளம் வரும்போதும், மழைக்காலத்திலும், நீண்ட நாள் நின்று குழாயில் மீண்டும் நீர் வரும்போதும் சோதனை கட்டாயம் வேண்டும்.

கழகத்தின் 25-ஆம் ஆண்டில் நான்கு பணிகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: அறிவியல் பயிலும் நம் மாணவ மாணவியர் ஒவ்வொரு தெருவுக்கும் இருவராகப் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை கடைசிக் குழாயின் நீரைச் சோதிக்க வேண்டும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊர்தோறும் 5 பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி அளிக்க வகை செய்துள்ளது. அந்த ஐவருள் நம் தெருப் பெண்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இரண்டு: தண்ணீருக்கென்று ஒரு குறிப்பேடு. நாள், நேரம், இடம், சோதித்தவர், முடிவு, அதன்மேல் எடுத்த நடவடிக்கை ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். கெட்ட முடிவை மட்டுமன்றி நல்ல முடிவையும் எழுதுங்கள். அப்போதுதான் அந்த ஏட்டை எவரும் மறுக்க இயலாது.

மூன்று: சோதனை முடிவை எழுத்து மூலம் உரிய இடத்தில் கொடுக்க வேண்டும். சோழவந்தான் பேரூராட்சியாயின் செயல் அலுவலரிடம். சுற்றியுள்ள ஊராட்சிகளாயின் கிராமசபையில். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அன்று குறிப்பேட்டோடு செல்லுங்கள். கொடுத்த மனுவிற்கு ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள்.

நான்கு: தொட்டி ஆபரேட்டர்களுக்குத் துணை நில்லுங்கள். பல ஊர்களில் அப்பணியைச் செய்வோர் நம் உறவினரே. அவருக்குக் கணக்கு எளிதாகத் தெரிய வேண்டும். 25 விழுக்காடு குளோரின் உள்ள வெளுப்புத்தூள் 4 கிராம், 1,000 லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் தரும். ஆக, 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். மூட்டையைத் திறந்து நெடுநாள் வைத்தால் தூளின் வீரியம் போய்விடும். பின்னர் அளவு சரியாக இருந்தும் பயன் இராது. கலந்து ஒரு மணி நேரம் கழித்தே நீரைத் திறக்க வேண்டும். இவை யாவும் அறிந்த ஆபரேட்டர் ஒரு மருத்துவருக்கு நிகர்.

புட்டி கறுத்த நாளில் காத்திருக்க வேண்டா. தாய்மார்களே, நீரை நன்கு கொதிக்கவிட்டு, மூடியே ஆறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மேலதிகாரி வரும்வரை அடுப்பு நம் கையில் இருக்கிறது. ஆனால் விறகையும் எரிவாயுவையும் செலவழித்து நாமே நாளும் காய்ச்சிக் குடிப்பதோடு இது முடிந்துவிடலாகாது. நல்ல நீர் தருவது ஆட்சியின் கடமை. தரச் செய்வது நம் கடமை.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் பெரியோர் வழக்கு. நாம் தண்ணீரைப் பழிக்கவில்லை. அதனைக் கேள்வி கேட்கச் சொல்கிறோம். கழகத்தின் மூத்தோர் இரவுப் பள்ளி நடத்தியும் கட்டணம் திரட்டியும் நம் பிள்ளைகளை அறிவியல் வகுப்புவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த வகுப்பில் கற்ற கிருமி இயல் தேர்வுத் தாளோடு நின்றுவிடலாமா? நம் தெருவின் கடைசிக் குழாய்வரை அது நடந்து வர வேண்டும். நம்மைத் தொட்டால் தண்ணீர் தீட்டு என்றார்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டு, சோதித்து, நல்லது இது, கெட்டது இது என்று ஊருக்கெல்லாம் சான்று கூறும் கைகளாக நம் இளைஞர்களின் கைகள் ஆகுக!